டேஷ்போர்டுக்குத் தோல் போட்ட சித்தி

இரவு எட்டே முக்கால் மணி. இரண்டு பக்கமும் தரிசு. ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லாத ரோடு... இப்போது நம் வேன் நின்றுபோயிருக்கிறதே, கிட்டத்தட்ட இதே மாதிரி. ஒரு பழைய கார் நிற்கிறது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. முன் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள். கதவைச் சாத்துகிறாள். கார் போய்விடுகிறது.

அவ்வளவுதான். பேய் இன்னும் வரவில்லை. அதற்குள் ஏன் ஒருத்தி மடியில் ஒருத்தி ஏறுகிறீர்கள்? இறங்கியவள் உயிரோடு இருக்கிற பெண். ஓட்டிக்கொண்டு போனவரும் அன்றைக்கு உயிரோடுதான் இருந்தார். மாற்று வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்று போனில் சொல்லிவிட்டார்கள், அப்படியென்றால் ஒன்றரை. டிரைவர் அண்ணனும் பேட்டரி மிஞ்சட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டார். நிதானமாகவே சொல்கிறேன்.

நம் கம்பெனி பேக்கிங்கில் என்னோடு வேலை பார்த்தாளே சுருட்டை, தலைமுடியைப் பார்த்து நாம் வைத்த பேர்... அவளுடைய சித்திதான் அந்தப் பெண். அவள் அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. சுருட்டைக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் அடுத்த நிமிஷமே சிரித்துவிடுவாள். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

சித்திக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. தடித்தடியான ரிஜிஸ்டர்கள், லைப்ரரிப் புத்தகங்கள். பிரிப்பாள், தைப்பாள், அட்டை போடுவாள். நகக்கண்ணில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். சித்தப்பாவுக்கு நல்ல உத்தியோகம், நல்ல சட்டை, கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தவே மாட்டார். கை நீட்ட மாட்டார். கேட்டால் எல்லோரும் தங்கமான மனுஷன் என்பார்கள்.

அந்தத் தங்கம் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று. இடது கையில் கனமாக ஒரு மோதிரம். காரில் போகும்போது சித்தி ஏதாவது பேச்செடுத்தால், அந்த மோதிரத்தால் டேஷ்போர்டைத் தட்டுவார். டொக். ஒரு தட்டு என்றால் வாயை மூடு. இரண்டு தட்டு என்றால் வீட்டுக்கு வா, வைத்துக்கொள்கிறேன். மூன்று தட்டு... மூன்று என்றால் இறங்கு.

அன்றைக்கு மூன்று தட்டினார். சித்தி அப்படி என்ன கேட்டுவிட்டாள் என்றால், "அக்கா வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சு, ஒரு எட்டு பாத்துட்டு வரலாமா" என்று கேட்டாள். அதற்குத்தான். இருட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தாள். அவர் கதவைத் திறந்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவள் அக்கா பேச்சை எடுக்கவில்லை. அக்காவும் இந்தப் பக்கம் வரவில்லை. வந்தால் தங்கைக்குத்தான் கஷ்டம் என்று தெரியும்.

அவர் செத்துப்போனார். காரில் இல்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்... வாயில் நுரையோடு அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அவர் வீட்டார் அக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை, சித்திக்கும் அந்தப் பேச்சை எடுக்க இன்னும் வாய் வரவில்லை.

சித்தி ஆறு மாதம் சும்மா இருந்தாள். ஏழாவது மாதம் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். நாற்பத்தொன்பது வயது. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று வழிவிட்டு நின்றார்கள். லைசென்ஸ் வாங்கினாள். காரைத் தன் பேருக்கு மாற்றினாள். பிறகு ஒரு திங்கட்கிழமை, முதல் முறையாக அந்தக் காரில் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். திருப்பவில்லை.

ஏனென்றால் டேஷ்போர்டின் நடுவில் அந்தக் குழி. முப்பது வருஷ வெயிலில் டேஷ்போர்டு முழுக்கப் பாளம் பாளமாக வெடித்திருந்தது, அது எல்லாப் பழைய காருக்கும் உள்ளதுதான். ஆனால் நடுவில், ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், சுண்டுவிரல் நுனி இறங்குகிற ஆழத்துக்கு ஒரு குழி. அவள் ஒவ்வொரு முறை வாயைத் திறந்ததற்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

"இதைப் பாத்துக்கிட்டே என்னால ஓட்ட முடியாதுடி" என்று பின்னால் சுருட்டையிடம் சொல்லியிருக்கிறாள். "கடையில குடுத்தா ஒரே நாள்ல போட்டுக் குடுத்துடுவான். ஆனா இதை நான்தான் மூடணும்னு தோணுச்சு."

அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டாள். பேட்டரி ஒயரைக் கழற்றினாள். மீட்டர், சுவிட்சுகள், காற்று வருகிற ஜன்னல்கள், எல்லாம் வெளியே வந்தன. பைண்டிங்காரிக்கு நம்பர் போடாமல் எதையும் பிரிக்க வராது. ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் ஒரு எண். டேஷ்போர்டைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். நீளத்துக்கு மேஜை சரியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கனைப்பு வந்தார்.

கனைப்பு என்பது சித்தப்பாவின் அண்ணன். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இரண்டு தரம் தொண்டையைக் கனைப்பார், அதனால் குடும்பத்துப் பிள்ளைகள் வைத்த பேர். உள்ளே வந்தவர் மேஜையைப் பார்த்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்தார். கனைத்தார்.

"வண்டி வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்கே?"

"புதுசா உறை போடறேன் மாமா."

"தம்பியோட வண்டி. அது குடும்பத்துல இருக்கணும். உனக்கு எதுக்கு காரு? ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு டிரைவரோட வரேன். எல்லாத்தையும் பழையபடி மாட்டி வை."

"ஞாயித்துக்கிழமை நான் இருக்க மாட்டேன் மாமா. இந்தக் கார்லதான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவர் சிரித்தார். "நீயா?" என்று கேட்டுவிட்டு, பதில்கூட எதிர்பார்க்காமல் போய்விட்டார். சித்தியிடம் பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஓடாத வண்டிக்குப் பேப்பர் இருந்து என்ன? ஞாயிறு காலை பத்து மணிக்குள் டேஷ்போர்டு காரில் இருக்க வேண்டும், கார் ரோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு கோர்ட், கச்சேரி என்று அலைய வேண்டியதுதான். அக்கா வீடு அவ்வளவுதான்.

திங்கள் முழுக்கப் பழையதை உரித்தாள். அடியில் இருந்த ஸ்பான்ஜ் கையோடு பொடியாக உதிர்ந்தது. வெடிப்பையெல்லாம் கீறிவிட்டுப் பூச்சு வைத்து அடைத்தாள். அந்தக் குழிக்கு மட்டும் மூன்று தரம் பூச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இடம் தெரியாத அளவுக்குச் சமம் செய்தாள். மேலே மெல்லிசாகப் புது ஸ்பான்ஜ். கருப்பு ரெக்சினை நாலு பக்கமும் நாலு விரல் கூடுதலாக வைத்து வெட்டினாள். பசை தடவினாள், ஒட்டினாள், நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து இழுத்துத் தேய்த்தாள். புத்தகத்துக்கு அட்டை போடுவது மாதிரி மேலே பாரம் வைத்துவிட்டுப் படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால்... முழுக்கக் குமிழ். அம்மை போட்ட மாதிரி.

அவ்வளவு பெரிய பயம் வேண்டாம், இது பேய் இல்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. சீட் கவர் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, பசை தடவின உடனே ஒட்டிட்டீங்களா?"

"ஆமா. பசை காஞ்சா எப்படி ஒட்டும்?"

"இது புத்தகம் இல்லக்கா. உங்க மாவுப் பசைதான் ஈரத்துல ஒட்டும். இது ரப்பர் பசை. ரெண்டு பக்கமும் தடவி, காய விடணும். விரல் வெச்சா ஒட்டக் கூடாது. அப்பதான் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அழுத்தணும். ஈரத்தோட மூடினா பசையிலேர்ந்து வர்ற கேஸ் வெளிய போக வழியில்லாம உப்பிக்கும்."

இருபத்தெட்டு வருஷம் பசையோடு வாழ்ந்தவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயைத் திறக்காமல் மறுபடி ரெக்சின் வாங்கிக்கொண்டு வந்தாள். புதன்கிழமை, கடைக்காரர் சொன்னபடியே செய்தாள். காய விட்டாள். ஹீட் கன்னால் சூடு காட்டி, வளைவுகளில் இழுத்து, ஓரத்தைப் பின்னால் மடித்து ஒட்டினாள். ஒரு சுருக்கம் இல்லை. பைண்டிங் கை சும்மாவா.

வியாழக்கிழமை. விடிகாலை நாலே முக்கால்.

டொக்.

சித்தி கண்ணைத் திறந்தாள். வீட்டில் அவளைத் தவிர யாரும் கிடையாது. ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம் மட்டும். குழாய் சொட்டுகிறது போல என்று நினைத்தாள்.

டொக்.

குழாய் அப்படிச் சொட்டாது. சத்தம் சாப்பாட்டு மேஜையிலிருந்து வருகிறது. எழுந்து நின்றாள். மூன்றாவதற்காகக் காத்திருந்தாளாம், அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை என்றாள் சுருட்டை. பயந்து இல்லை. பழக்கத்தில். உடம்பு தானாகக் காத்திருந்தது.

...டொக்.

விளக்கைப் போட்டாள். அறை முழுக்க ரப்பர் பசை வாடை. அதற்கு நடுவில் கிராம்பு வாசம். யாரோ பக்கத்தில் நின்று வாயைத் திறந்த மாதிரி அவ்வளவு கிட்டத்தில். மேஜை மேல் டேஷ்போர்டு. புது ரெக்சினில், நட்ட நடுவில், அதே இடத்தில்... ஒரு குழி.

பூச்சு இறங்கியிருக்கும் என்று சொல்கிறீர்களா? டிரைவர் அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறார், மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது. சித்தியும் அப்படித்தான் நினைத்தாள். குனிந்து பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் குழிக்குப் பக்கத்தில், யாரும் தொடாமல், ரெக்சின் உள்ளே அமுங்கியது. டொக்.

நாமாக இருந்தால் தலைதெறிக்க ஓடியிருப்போம். நான் ஓடியிருப்பேன், சும்மா வீரம் பேசவில்லை. சித்தி என்ன செய்தாள் என்றால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன, மூணு தட்டா? இறங்கணுமா? இது சாப்பாட்டு மேஜைங்க. நான் எங்க இறங்கறது?"

டொக்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை. நீங்க தட்டிக்கிட்டே இருங்க. எனக்கு வேலை இருக்கு."

எழுந்து போய் டீ போட்டுக் குடித்தாள். பின்னால் தட்டிக்கொண்டே இருந்ததாம். அவள் திரும்பவில்லை. வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் வந்து பார்த்தால் டேஷ்போர்டு முழுக்கக் குழி. புத்தம்புது ரெக்சின், சல்லடையாக.

அதை உரித்துக் குப்பையில் போட்டாள். கடைக்குப் போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அங்கே சித்தப்பாவின் நாற்காலி. பெரிய தோல் நாற்காலி, காபி நிறம். இருபத்தாறு வருஷத்தில் அதில் வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது. சுருட்டை சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டு, அவர் பார்த்த பார்வையில் உள்ளே போய் ஒளிந்துகொண்டவள்.

"ரெக்சின் மெல்லிசு. அதனாலதான் தட்டறதுக்கு வசதியா இருக்கு. இருங்க, கெட்டியா ஒண்ணு போடறேன்."

இப்படிச் சொல்லிவிட்டு பைண்டிங் கத்தியை எடுத்தாள். நாற்காலியின் முதுகுத் தோலை ஒரே இழுப்பில் உரித்தாள். பின்பக்கத் தோலையும் உரித்தாள். உள்ளேயிருந்து பஞ்சும் கம்பியும் பல்லை இளித்தன. வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு தோலையும் நடுவில் சேர்த்து இரட்டைத் தையல் போட்டாள். விளிம்புகளைக் கத்தியால் சீவிச் சீவி மெல்லிசாக்கினாள், மடித்தால் புடைக்கக் கூடாது. அன்றைக்கு மேஜையில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்ததாம்.

சனிக்கிழமை. பூச்சு, தேய்ப்பு, ஸ்பான்ஜ், மறுபடி எல்லாம். இரண்டு பக்கமும் பசை தடவிக் காய விட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தோலைத் தூக்கி நடுத்தையலை நடுவில் பொருத்தி வைத்தாள். வைத்து அழுத்தினாள்...

அடியில் ஏதோ இருந்தது.

உள்ளங்கைக்குக் கீழே, தோலுக்கு அந்தப் பக்கம், மடக்கின கை முட்டி மாதிரி ஒன்று. மேலே எக்கியது. கையை எடுத்தாள். தோல் எழும்பி நின்றது, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. கிராம்பு வாசம் மூக்கில் ஏறியது. பசை நன்றாகக் காய்ந்திருந்தது, இரண்டு தரம் விரல் வைத்துப் பார்த்திருந்தாள். இது கேஸ் இல்லை. சீட் கவர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கிற விஷயமும் இல்லை.

பைண்டிங்கில் ஒரு முறை உண்டு. அட்டைக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டால் குத்தக் கூடாது, உரிக்கக் கூடாது. மடிப்புத் தேய்க்கிற தட்டைக் கட்டையை எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். விடாமல், திரும்ப விடாமல். ஓரத்துக்கு வந்ததும் அது தானாக வெளியே போய்விடும். சித்தி தன் வாழ்க்கையில் இதைப் பல ஆயிரம் தரம் செய்திருக்கிறாள்.

கட்டையை எடுத்தாள். முட்டிக்கு வலது பக்கம் வைத்தாள். ஒரு கையில் ஹீட் கன், ஒரு கையில் கட்டை. தள்ளினாள்.

அது நகர்ந்தது. ஒரு அங்குலம். நின்றது. உள்ளேயிருந்து கட்டையைத் தட்டியது, டொக், கட்டை கையில் துள்ளியது. மறுபடி தள்ளினாள். அது வலது பக்கம் நழுவப் பார்த்தது, ஸ்டியரிங் இருக்கிற பக்கம். கட்டையைக் குறுக்கே போட்டு மறித்தாள். முதுகு பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினாள். பற்களைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்க, வாங்க, சொல்லுங்க என்று மட்டுமே பேசிய வாய்.

"தள்ளிப் போ" என்றாள். "அது என் பக்கம். நீ அந்தப் பக்கம் போ."

முட்டி சுருங்கியதாம். இடது பக்கமாக, அங்குலம் அங்குலமாக, அவள் கட்டைக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. போன இடமெல்லாம் தோல் வழவழவென்று ஒட்டிக்கொண்டது. இடது கோடிக்கு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்கு நேர் எதிரே. இன்னும் இரண்டு விரல் தள்ளினால் ஓரம். ஓரத்தில் தோல் இன்னும் மடிக்கப்படாமல் திறந்திருந்தது. விட்டால் வெளியே போய்விடும்.

இத்தனை வருஷ வேலையில் சித்தி காற்றை உள்ளே வைத்து மூடியது கிடையாது. அது வேலை தெரியாதவர்கள் செய்கிற தப்பு. அன்றைக்கு மட்டும் ஒரு கணம் யோசித்தாள். வெளியே விட்டால் எங்கே போகும்? வீட்டுக்குள் போகும். நாற்காலிக்குப் போகும். படுக்கைக்குப் போகும்.

தோலை இழுத்தாள். ஓரத்தைப் பின்னால் மடித்தாள். ஒட்டினாள். மேலே வரிசையாக ஸ்டேப்ளர் பின் அடித்தாள், இரண்டு வரிசை. நாலு பக்கமும். பிறகு தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பயத்தில் அழவில்லை, கோபத்தில் அழுதேன் என்றாள். இதை முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்று.

ராத்திரியோடு ராத்திரியாக டேஷ்போர்டைக் காரில் ஏற்றி, ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை ஒயர்களை நம்பர் பார்த்து மாட்டினாள். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு பேட்டரி ஒயரைப் போட்டாள். சாவியைத் திருப்பினாள். முதல் தரம் இருமியது. இரண்டாவது தரம் பிடித்துக்கொண்டது.

கனைப்பு சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். கூட ஒரு டிரைவர். சித்தி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், இஞ்சின் ஓடுகிறது. அவர் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு தரம் கனைத்தார்.

"போதும் விளையாட்டு. இறங்கு. டிரைவர் எடுத்துட்டு வருவான்."

"நான் இறங்க மாட்டேன் மாமா."

"என் தம்பி இருந்திருந்தா..." என்று சொல்லிக்கொண்டே டேஷ்போர்டின் மேல் அதிகாரமாகக் கையை ஊன்றினார்.

அப்படியே உறைந்துவிட்டார்.

பேச்சு நின்றது. மூச்சும் நின்ற மாதிரி இருந்தது. கையை எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. அவருடைய விரல்களுக்கு நடுவே, காபி நிறத் தோல் மேலே எழும்பி, அவர் கையைச் சுற்றி இறுகியிருந்தது. கழுத்து நரம்பு புடைக்கிறது, வாய் திறக்கிறது, சத்தம் இல்லை. வெளியே நின்ற டிரைவர், சார் ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தானாம்.

சித்தி டேஷ்போர்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "விடு."

விட்டது.

கனைப்பு இறங்கினார். கதவைக்கூடச் சாத்தவில்லை. தன் டிரைவரைத் தாண்டி, தான் வந்த வண்டியையும் தாண்டி, நடந்து தெருமுனை வரை போய்விட்டார். அன்றிலிருந்து அவர் பேசுவதற்கு முன் கனைப்பதில்லை. பேசுவதே குறைவு. கார் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

"உன் சித்தப்பா அவரைப் பிடிச்சு மிரட்டலடி" என்று சித்தி சொன்னாளாம். "தண்ணியில முங்கறவன் பிடிப்பானே, அந்தப் பிடி. அண்ணன்கிட்ட வெளிய எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாரு."

கதவை எட்டிச் சாத்தினாள். முதல் கியர் போட்டாள். இரண்டரை மணி நேரம் ஓட்டினாள். வழியில் நாலு தரம் நின்றுபோனது, அவள் தப்புதான், கிளட்ச்சைச் சரியாக விடவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அடிச்சுக்கோ என்று விட்டுவிட்டாள்.

சுருட்டையின் அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கார் தெருவில் திரும்பியதும் அவளுக்கு முகம் செத்துவிட்டது, அது யாருடைய கார் என்று தெரியுமே. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் யார் என்று பார்த்தாள். கையிலிருந்த ஈரத்துணியோடு நடுரோட்டுக்கு ஓடினாள்.

"நீயாடி ஓட்டிட்டு வந்தே?"

"பின்ன யாரு?"

பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அக்கா தங்கை பேசிய முதல் பேச்சு இவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு பேரும் பானெட்டில் சாய்ந்து நின்று அழுதார்கள், ஈரத்துணி நடுவில் நசுங்கியது. இருங்கள், அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள், ஒரு வாய் குடித்துக்கொள்கிறேன்.

...

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். "சித்தி, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ" என்று சுருட்டை கேட்டாள். முன் சீட்டில் ஏறினாள். அப்போது அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. புதுத் தோலைப் பார்த்தாள், தையலைத் தடவினாள், அழகா இருக்கு சித்தி என்றாள். கடைக்காரன் போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது.

ஊரைத் தாண்டி, காலியான ரோடு. ஜன்னல் இறக்கியிருந்தது. நல்ல குளிர்ந்த காற்று. ஐம்பதில் போனார்கள். அறுபது. எழுபத்தைந்து. அப்போது சுருட்டை தன் முன்னால் இருந்த தோலைப் பார்த்தாள். இடது கோடியில், மடிப்புக்குப் பக்கத்தில், லேசாக ஏதோ எழும்பியது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. நாலு. போர்வைக்குள்ளே இருந்து யாரோ விரல்களை ஊன்றுகிற மாதிரி. ரோடு குலுங்குகிறது, வெளிச்சம் வேறு குறைவு, கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். பார்ப்போமே என்று உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

அடியில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. வேகமாக. படபடவென்று. கையை வெடுக்கென்று எடுத்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் தோல் காய்ந்து கிடக்கிறது. அந்த இடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஈரம் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மடிப்பு வழியாக வழிந்துகொண்டிருந்தது.

"சித்தி... இங்க ஈரமா இருக்கு."

சித்தி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை நீட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த சின்ன அலமாரியைத் திறந்தாள். உள்ளே பழைய பனியன் துணிகள், ஒரே அளவாக வெட்டி, பைண்டிங்காரி மடிக்கிற மாதிரி ஓரம் ஒட்ட மடித்து, ஏழெட்டு அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து சுருட்டையின் மடியில் போட்டாள்.

"துடைச்சு விடு" என்றாள். "எழுபதைத் தாண்டினா உங்க சித்தப்பாவுக்கு வேர்க்கும்."

சொல்லிவிட்டு எண்பதில் வைத்தாள்.